அசையாத குழந்தை

வீட்டில் இருந்தவர்கள்: கண்காட்சிக்குப் படம் தேடி வந்தவள், வீட்டுக்காரர், அவர் மனைவி, தொட்டிலில் அவர்களுடைய கைக்குழந்தை. தொட்டிலுக்கு மேலே, சுவரில், அவள் தேடி வந்த படம்.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய புகைப்படக்காரர் எடுத்தது. அன்றைய கேமராவுக்கு முன்னால் குழந்தை அசைந்தால் முகம் கலங்கிவிடும். ஆகவே தாயைத் தலையோடு கறுப்புத் துணியால் மூடி நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். அப்படி அவர் எடுத்ததில் மிஞ்சியது இது ஒன்றுதான். இது இல்லாமல் கண்காட்சி இல்லை.

"இதுக்குக் கீழ தூங்கின குழந்தை எதுவுமே அழுததில்லைங்க," என்றார் வீட்டுக்காரர். "நானும்தான். அழுகையெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்தான்."

"ஆரம்பிச்சிட்டாரு," என்றாள் மனைவி. "பத்திரமா திரும்பி வந்துடும்ல மேடம்?"

"ஒரே மாசம்மா."

படத்தின் சட்டம் நல்ல கனம். மூவருமாகத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் உள்ளே குழந்தை வீறிட்டது. அந்த வீட்டில் அதன் முதல் அழுகை.

"ஐயோ, சீக்கிரம் இறக்குங்க, நான் போகணும்," என்று மனைவி பதறினாள்.

காரில் சாய்த்து வைப்பதற்குள் அழுகை நின்றுவிட்டது.

"பாத்தியா, தானா அடங்கிடுச்சு," என்றார் கணவர்.

வந்தவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியைக் காணோம். வெறும் நாற்காலியில் குழந்தை தனியாக இருந்தது. அதன் முகம் கலங்கியிருந்தது.

அவர்களுக்குப் பின்னால், தூங்கும் பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்பதுபோல் வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.