டீலர் டூர்

கரை தெரிந்ததும் எல்லாருடைய போன்களும் ஒன்றாகக் கத்தத் தொடங்கின.

கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்கள் கடலை மறந்தார்கள். ஒரு வாரமாக வாய் ஓயாமல் புகழ்ந்த கடல்தான். சிங்கப்பூர்க் கட்டடங்கள் கண்ணுக்கு எட்டியதும் அதை ஒருவரும் சீந்தவில்லை.

அவளும் கைப்பைக்குள் போனைத் தேடினாள். அவளுடைய சிம்முக்கு சிங்கப்பூருக்கு மட்டும்தான் காசு கட்டியிருந்தான் கணவன். கப்பலிலும் வழியில் இறங்கும் ஊர்களிலும் நெட் அவன் போனுக்கு மட்டும். டூர் கூட்டிவந்த பெயிண்ட் கம்பெனி டீலருக்குத்தான் கொடுக்கும், டீலர் பெண்டாட்டிக்குக் கொடுக்காது.

முதல் போன் அப்பாவுக்கு. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அப்பா அருப்புக்கோட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். கடலுக்கு நடுவில் தொட்டி கட்டி அதில் இறங்கிக் குளிக்கிறார்கள் என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"இப்ப வேணாம் செல்வி. ரூமுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றான் கணவன்.

அதற்குள் மணி அடித்துவிட்டது.

எடுத்தது அண்ணன் மனைவி.

அப்பாவிடம் கொடுங்கள் மதினி என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.



"இப்பத்தான் நேரம் ஒழிஞ்சுதா ஒனக்கு?"

மதினி அழவில்லை. அழுது ஓய்ந்த குரல். செல்விக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைப் பேசுவதுபோலவே பேசினாள். அப்பா செவ்வாய்க்கிழமை விடிகாலையில் இறந்துவிட்டார். ஐஸ் பெட்டி வைத்து மறுநாள் வரைக்கும் காத்திருக்க அண்ணன் தயாராக இருந்தார். வேண்டாம், எனக்காகப் போட்டு வைக்காதீர்கள், சாயங்காலமே எடுத்துவிடுங்கள் என்று நீதானே சொல்லி அனுப்பினாய் என்றாள்.

அன்றைக்கு ராத்திரி கப்பல் மேடையில் அவள் ஆடியதைக் கம்பெனிக்காரர்கள் பேஸ்புக்கில் போட்டிருந்தார்களாம். துக்க வீட்டில் போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்களாம். கம்பெனி கொடுத்த மஞ்சள் பனியன் உனக்கு எடுப்பாகத்தான் இருந்தது என்றாள் மதினி.

அவள் கணவனைப் பார்த்தாள்.

அந்தத் தளத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவன் அவன் ஒருவன்தான்.

செவ்வாய்க்கிழமை.

கப்பல் அன்றைக்கு தாய்லாந்தில், புக்கெட்டில் நின்றது. எல்லாரும் இறங்கிக் கடற்கரைக்குப் போனார்கள். விமான நிலையத்தை ஒட்டிய கரை. தலைக்கு மேலேயே விமானங்கள் போயின. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல என்று இவள் வாய் பிளந்தாள். அவன் சிரித்தான். அப்போதே அவனுக்குத் தெரியும்.

அதில் ஒன்றில் ஏறியிருந்தால் மறுநாள் விடியலில் மதுரை.

ராத்திரி விழா இருந்தது. சிறந்த டீலருக்கு முதலாளி கையால் கேடயம். ஜோடியாக மேடையேற வேண்டும், ஜோடியாக ஆட வேண்டும். தன் சாத்தூர்க் கடையில் மாட்டி வைக்க அப்படி ஒரு போட்டோ வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அவளிடம் எப்படி நடந்துகொண்டான் என்பதும் ஞாபகம் வந்தது. கால் வலிக்கிறதா என்று கேட்டான். என்ன வேண்டும் என்று கேட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படிக் கேட்டதில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடல் காற்று பட்டால் மனுஷன் மாறுவான் போலிருக்கிறது என்று நம்பினாள், பைத்தியக்காரி.

"சந்தோஷமா இருந்த. கெடுக்க வேணாம்னுதான்..." என்று முணுமுணுத்தான், கடலைப் பார்த்தபடியே.

மதினி இன்னும் வைக்கவில்லை.

"மொகத்தயாச்சும் பாக்கட்டும்னு ஒங்கண்ணன் வீடியோ கால் போட்டாக. பாக்க மாட்டேன்னு நீ அழுகுறதாச் சொல்லிட்டு ஒன் வீட்டுக்காரருதான் பாத்தாரு."

அதோடு வைத்துவிட்டாள்.

அந்த வீடியோ கால் எந்த நேரம் வந்தது என்று அவளுக்குத் தெரியும். புக்கெட் கடற்கரையில் போன் வந்ததும் அவன் எழுந்து மரங்களுக்கு அப்பால் போனான். அவள் மணலில் உட்கார்ந்திருந்தாள். தன் இளநீரை ஒரு கையிலும் அவன் இளநீரைச் சிந்தாமல் மறு கையிலும் பிடித்திருந்தாள். திரும்பி வந்து வாங்கிக் குடித்தான். நல்ல இனிப்பு என்றான்.

சற்றுத் தள்ளி டீலர்களின் மனைவிகள் கடைசி போட்டோவுக்கு வரிசையாக நின்று அவளைக் கூப்பிட்டார்கள். ராஜபாளையத்துக்காரி தன் பக்கத்தில் இடம் விட்டுக் காட்டினாள்.

அவள் அசையவில்லை. அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கடலில் தள்ள வேண்டும் போலிருந்தது.

ஆனால் இந்தக் கப்பலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். வேறு யாரிடம் கேட்பது?

கிட்டே போனாள்.

"எங்கப்பா மொகம் எப்பிடி இருந்துச்சு?"

அவன் யோசித்தான்.

பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். சொல்ல மாட்டானா என்று ஏங்கவும் செய்தாள். தூங்குவது போல இருந்தார் என்று சொன்னால் போதும். அதை வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

"நெட்டு விட்டு விட்டு வந்துச்சு செல்வி. சரியாத் தெரியல" என்றான்.