வெளியாள் கேட்டால்

"கடன் கேட்கிற கம்பெனியும் உங்களோடதுதானே ஐயா?"

தேன்மொழி எழுந்து நின்று கேட்டதும் மண்டபத்தில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

மலேசியாவின் சிகாமட் டவுனில் சாத்தப்பன் நடத்தும் முதலீட்டு நிறுவனத்தின் உறுப்பினர் கூட்டம் அது. அறுநூறு பேர் பணம் போட்டிருந்தார்கள். பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்கள். அந்தப் பணத்திலிருந்து இரண்டு மில்லியன் வெள்ளியை பக்கத்து ஊரான லாபிஸில் இருக்கும் கையுறைத் தொழிற்சாலைக்குக் கடனாகக் கொடுக்கலாம் என்பது அன்றைய தீர்மானம்.

அந்தத் தொழிற்சாலைக்கும் சாத்தப்பன்தான் முதலாளி.

"ஆமாம்மா. நான் மறைக்கலையே" என்றார் சாத்தப்பன். "ஆர்டர் குறைஞ்சுபோச்சு. இது கிடைச்சா ஒரு வருஷம் சமாளிச்சிடலாம். எண்பது பேர் அங்க வேலை செய்யறாங்க."

"அடமானமா என்ன வைக்கிறீங்க?"

"மெஷினுங்க இருக்கே."

"அதெல்லாம் ஏற்கெனவே பேங்க்ல அடமானத்துல இருக்குன்னு நீங்க குடுத்த அறிக்கையிலேயே போட்டிருக்கு."

சாத்தப்பன் முன்னாலிருந்த அறிக்கையைப் புரட்டினார்.

பின் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். "கிளினிக் கவுண்டர்ல நம்பர் கூப்பிடுற பொம்பள. போட்டது ஆறாயிரம் வெள்ளி. கேள்வியப் பாரு."

தேன்மொழிக்கும் அது கேட்டது. உட்காரவில்லை.

"கடைசியா ஒண்ணு ஐயா. இதே கணக்கோட ஒரு வெளியாள் வந்து கேட்டா, எங்க பணத்தை எடுத்துக் குடுப்பீங்களா?"

சாத்தப்பன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கையைத் தூக்கச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே தீர்மானம் நிறைவேறியிருக்கும். அவர் முகத்துக்காகவே முக்கால்வாசிப் பேர் தூக்கியிருப்பார்கள்.

"குடுக்க மாட்டேன்" என்றார் மெதுவாக.

பிறகு பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த செயலாளர் லக்ஷ்மிப்ரியாவிடம் திரும்பினார். "தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்னு எழுதிக்கம்மா."

கூட்டம் கலைந்தது. படியில் இறங்கிய தேன்மொழியை, உறுப்பினர்களில் ஒருவரான சந்திரமதி வழிமறித்தார்.

"ஏம்மா, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? அந்த மனுஷன் திருடவா போறாரு? எண்பது குடும்பம் லா. அடுத்த மாசமே ஆளைக் குறைப்பாங்க."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சுமா கேட்ட?"

"இங்க அறுநூறு குடும்பம் இருக்கே அக்கா. பாதிப் பேர் வயசான காலத்துக்குன்னு சேர்த்த இபிஎப் பணத்தை அப்படியே எடுத்து இங்க போட்டிருக்காங்க."

"நல்லாப் பேசுற. உனக்கென்ன, கேட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவ. சம்பளம் நின்னா அடுப்பு எரியாம கிடக்கிறது அவங்க வீட்டுலதானே."

தேன்மொழி வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அவள் திரும்பிப் பார்க்காமல் போவதைச் சந்திரமதி கவனித்தார். கொஞ்சமாவது உறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வாசலில் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார் அவள் கணவர் ஜெயபாலன். பின்னாலேயே வந்த சந்திரமதிக்கு அவர்கள் பேசியது நன்றாகக் கேட்டது.

"என்னாச்சு தேனு? கடன் குடுக்கிறாங்களா?"

"இல்லைங்க. நேத்து நாம பேசினதை அப்படியே கேட்டுட்டேன். அவரே வேணாம்னுட்டாரு."

 ஜெயபாலன் ஹெல்மெட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அப்ப முதல்ல நான் வேலை செய்யற லைனைத்தான் மூடுவாங்க. பரவால்ல, பதினாலு வருஷம் அந்த ஃபேக்டரி சோறு போட்டுச்சு, வேற வேலை தேடிக்கலாம். நீ கேட்டது சரிதான். ஏறு."