வெண்டைக்காய்ச் சண்டை

"என்னம்மா இது, வெண்டைக்காயா விறகுக் கட்டையா?"

குடை பிடித்திருந்த அந்த அம்மா போட்ட சத்தத்தில் பாதிச் சந்தை திரும்பிப் பார்த்தது.

தக்காளியும் வெண்டையும் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தவளுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. மூன்று மாதக் காய்கறிப் பயிற்சியை முடித்துவிட்டு, முதல் தடவையாகக் கடை போட்டிருக்கிறாள். விதை, பாத்தி, உரம் எல்லாவற்றிலும் வகுப்பில் அவள்தான் முதல். விற்பனைப் பாடத்தில் மட்டும் கடைசி. நாலு பேர் முன்னால் பேச்சே வராது. கூடப் படித்தவர்கள் வைத்த பட்டப்பெயர், வாயில்லாப்பூச்சி.

காலை ஆறு மணிக்கு வந்தவள். இப்போது ஒன்பது. ஒருத்தர்கூட நிற்கவில்லை.

"மூட்டையைக் கட்டு. பழையபடி தரகர்கிட்டயே தள்ளிட்டுப் போயிடலாம். இந்தப் பயிற்சியெல்லாம் நமக்குச் சரிப்படாதுன்னு அப்பவே சொன்னேன்" என்று புருஷன் கூடையை எடுத்த நேரத்தில்தான் இந்த அம்மா வந்து நின்றாள்.

"என்ன, பதிலையே காணோம்? முத்தல் காயை எங்க தலையில கட்டப் பார்க்கறியா?"

"முத்தல் இல்லீங்க..."

"என்ன முனகற? காதுல விழல!"

"முத்தல் இல்லேன்னு சொல்றேன்!"

எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல். புருஷனே திடுக்கிட்டான். அவள் ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்தாள். டக்!

"முத்தல் இப்படி ஒடியுமா? விடியக்காலையில நானே பறிச்சது!"

நாலு பேர் நின்றார்கள்.

குடைக்கார அம்மா விடவில்லை. "பார்க்க நல்லாத்தான் இருக்கும். எல்லாம் பூச்சி மருந்து!"

"ஒரு சொட்டு மருந்து பட்டதில்ல! வெறும் பூண்டுக் கரைசல். நம்பலேன்னா தோட்டத்துக்கு வாங்க, காட்டறேன்!"

"தக்காளி மட்டும் என்ன வாழுது? நாளைக்கே அழுகிடும்!"

"ஒரு வாரம் வெச்சிருந்து பாருங்க! கொழகொழன்னு ஆச்சுன்னா என் மூஞ்சியிலேயே எறியுங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் ஒரு தக்காளியை நறுக்கி நீட்டினாள். வாங்கித் தின்ற பெரியவர் பையை விரித்தார்.

"ரெண்டு கிலோ போடும்மா!"

"எனக்கு வெண்டை!"

"யோவ், தள்ளுய்யா, நான்தான் முன்னாடி வந்தேன்!"

தராசைப் பிடிக்கவே புருஷனுக்குக் கை போதவில்லை. "அடியே, தக்காளி காலிடி!" என்று கத்தினான்.

ஒரு விடுதிச் சமையல்காரர் கடைசிக் கூடை வெண்டையை அப்படியே தூக்கிக்கொண்டார். "வாரம் மூணு நாள் எங்க விடுதிக்குக் காய் போடறியாம்மா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அந்தக் குடைக்காரி எங்கே? ஒரு காயாவது வாங்கினாளா பாரு! நொட்டை சொல்லத்தான் வந்திருக்கா" என்று பல்லைக் கடித்தான் புருஷன்.

அவளுக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டுமென்று தேடிக்கொண்டு போனாள்.

சந்தையின் மறுகோடியில் இருந்தாள் அந்த அம்மா. எதிரே பாதிகூட விற்காத வெண்டைக்காய்க் குவியல்.

"ஓஹோ! நீங்களும் வெண்டைக்காய்தானா? அதான் என் வியாபாரத்தைக் கெடுக்க வந்தீங்களா?"

"எல்லாம் வித்துடுச்சா?"

"ஒண்ணு மிச்சமில்ல!"

அந்த அம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. "அப்படிப் போடு! கூட்டம் கூடினாத்தானே நாலு பேர் எட்டிப் பார்ப்பாங்க? உன் புருஷன் புலம்பினானே, நானும் அந்தப் பயிற்சியில படிச்சவதான். உனக்கு முந்தின வருஷம்."

"அதுக்காக... உங்க கடையை விட்டுட்டு வந்து சண்டை போட்டீங்களா?"

அந்த அம்மா ஒரு வெண்டைக்காயை எடுத்துத் துடைத்து அடுக்கினாள்.

"நான் கடை போட்ட முதல் நாள், சாயங்காலம் வரைக்கும் என்கூடச் சண்டை போடக்கூட ஒரு ஆள் வரலைம்மா."