குடும்ப வாரம்

தாராவியில் தங்கத்தாய் வீட்டு டிவியில், ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடும் டிராக் போட்டி ஓடியது. ஒரு வாரம்கூட அவள் விட்டதில்லை.

“விக்கோட வலை நெத்தியில தெரியுது பாரு. பசை காயுமுன்ன ஒட்டுனா இப்படித்தான்,” என்று பக்கத்து வீட்டுப் பொன்செல்விக்கு விளக்கினாள். “மல்லிகாதான் சுத்தமா ஒட்டியிருக்கா.”

கடைசியில் மல்லிகாவையே வெளியேற்றிவிட்டார்கள்.

“ஏன் யக்கா? நல்லாத்தான ஆடுனா?”

“இது குடும்ப வாரம்லா. அம்மா மேடையேறிக் கட்டிப்பிடிக்கணும், பாக்கவங்க அழணும், ஓட்டு விழணும். மல்லிகாவுக்கு ஆளு வரல. ஆட்டத்துக்கு மார்க் போடாம அழுகைக்குப் போடுதாங்க.”

“பெத்த புள்ளைக்காக ஒருநா வராதவளும் ஒரு அம்மாவா?” என்றாள் பொன்செல்வி.

தங்கத்தாய் டிவியை அணைத்தாள். போன மாதம் டிவிக்காரர்கள் மகனுக்காக அவளைக் கூப்பிட்டபோது, இந்தப் பொன்செல்வி என்ன சொல்வாளோ என்று பயந்துதான், ‘ராங் நம்பர்’ என்று போனை வைத்திருந்தாள்.