மாமனார் விட்டுப்போன லென்ஸ்

"இதை நீங்களே வச்சுக்குங்க," என்று மேனேஜர் ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தார். நாற்காலியைக்கூடத் தானே இழுத்துப் போட்டார். அந்த ஆபீஸில் மேனேஜர் ஒருவரை அன்பாக உட்காரச் சொன்னால், அவருக்குச் சீட்டுக் கிழியப் போகிறது என்று அர்த்தம்.

எதிரே உட்கார்ந்தவர் விற்பனைப் பிரிவுத் தலைவர். மேனேஜர் பதவிக்கு அடுத்த ஆள். கேன்டீனில் டீ குடிக்க வருகிறவர்களையெல்லாம் பிடித்து வைத்துப் புகைப்படக் கலையைப் பற்றி அறுத்துத் தள்ளியதில், 'ஃபோகஸ்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கழுத்தில் எந்நேரமும் ஒரு மிர்ரர்லெஸ் கேமரா, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புது ரகம், தொங்கும்.

விஷயம் இதுதான். போன வாரம் மேனேஜர், மாமியாருக்கு ஆபரேஷன் என்று ஆபீஸில் லீவு போட்டார். எம்.டி. ஊர் ஊராக விரட்டுகிறான் என்று வீட்டில் புலம்பினார். இரண்டு பக்கமும் புளுகிவிட்டு, ஏரியில் படகு எடுத்து நிம்மதியாக மீன் பிடித்தார். மனுஷன் கொஞ்சம் மூச்சு விட வேண்டாமா?

ஆனால், அரை டிராயரோடு அவர் ஒரு கெண்டை மீனுக்கு முத்தம் கொடுக்கும் படம் நேற்று எம்.டி.யின் மேஜைக்கு வந்துவிட்டது. அனுப்பியவர் பெயர் இல்லை.

"இவங்கதான் உங்க மாமியாரா?" என்று எம்.டி. மீனைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு நல்ல பதில் சொல்லுங்க. இல்லேன்னா ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க."

படம் அக்கரையிலிருந்து எடுத்தது. அவ்வளவு தூரம் எட்டப் பெரிய லென்ஸ் வேண்டும். ஆபீஸில் கேமராவும் கையுமாக அலைகிறவர் ஒருவர்தான். அவர் வாயாலேயே உண்மையை வரவழைத்துவிட்டால், எல்லாம் நாற்காலிக்காக நடந்த சதி என்று எம்.டி.யிடம் அழுது தப்பித்துவிடலாம்.

அதற்காகத்தான் மாமனாரின் பழைய லென்ஸைத் தூண்டிலில் மாட்டி எடுத்து வந்திருந்தார். பரணில் தேடிக் காணாமல், கடைசியில் மனைவியின் அலமாரியில் துணிமணிக்கு அடியில் அகப்பட்டது. அப்பா ஞாபகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் தூக்கி வந்துவிட்டார்.

ஃபோகஸ் பையைப் பிரித்தார். உள்ளே பால் டப்பா மாதிரி குட்டையாக, தடியாக ஒரு லென்ஸ். அவர் முகம் அப்படியே இளகிவிட்டது.

"சார், இது மிர்ரர் லென்ஸ். உள்ளே கண்ணாடி வச்சு வெளிச்சத்தை முன்னும் பின்னுமா திருப்பிவிட்டு, முழ நீளத்தை ஜாணாக்கிட்டான். இப்போ வர்ற கேமராவுல கண்ணாடியே இல்லைங்கிறான், அந்தக் காலத்து லென்ஸ்ல கண்ணாடியைத் திணிச்சு வச்சிருக்கான் பாருங்க. யாரோடது?"

"மாமனாரோடது. அவர் போயே இருபது வருஷமாச்சு. ரொம்ப தூரத்துல இருக்கறதை எடுக்கலாமோ?"

"ஏரிக்கு இந்தக் கரையில நின்னு அந்தக் கரைக் கொக்கை எடுக்கலாம்."

ஏரி என்றதும் மேனேஜருக்குப் பாதி ஜெயித்த மாதிரி இருந்தது. "உங்க கேமராவுல மாட்டுமா?"

"நேரா மாட்டாது சார். அதோட வாய் வேற, இதோட வாய் வேற. நடுவுல அடாப்டர்னு ஒரு வளையம் போடணும். இந்தக் கேமராவுக்குன்னே தனியா வாங்கணும்."

"சும்மா வச்சுத்தான் பாருங்களேன்."

ஃபோகஸ் வைத்துத் திருகினார். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. அவர் புருவம் லேசாக உயர்ந்தது. ஆனால் படம் எடுக்கிற பைத்தியம் முந்திக்கொண்டது. ஜன்னலுக்கு ஓடி, எதிர்க் கட்டிடத்து மாடியில் உட்கார்ந்திருந்த காக்கையை எடுத்துவிட்டுத் திரையைக் காட்டினார்.

"காக்கையை விடுங்க, பின்னாடி பாருங்க. வெயில்ல மின்னுற கார்க் கண்ணாடியெல்லாம் நடுவுல ஓட்டை விழுந்து வளையம் வளையமா தெரியுதா? மிர்ரர் லென்ஸைத் தவிர வேற எதுலயும் இது வராது சார். இதோட கைரேகைன்னே வச்சுக்குங்க."

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து, எம்.டி. கொடுத்த அந்தப் படத்தை எடுத்து மேஜையில் போட்டார். மீனுக்கும் அவருக்கும் பின்னால் ஏரித் தண்ணீர் முழுக்க வளையம் வளையமாக மின்னிக்கொண்டிருந்தது.

ஃபோகஸ் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "அருமை சார். மீனோட கண்ணு என்னமா துல்லியமா வந்திருக்கு. நீங்கதான் கொஞ்சம் மங்கலா இருக்கீங்க."

"நடிக்காதீங்க. என் நாற்காலி மேல கண்ணு வச்சு, ஒளிஞ்சு நின்னு எடுத்து எம்.டி.க்கு அனுப்பினது நீங்கதானே? வாங்க. அவர்கிட்டயே போய்ப் பேசிக்கலாம்."

"என்கிட்ட ஒரு மிர்ரர் லென்ஸ் இருந்தா, இதைப் பார்த்து இப்படி வாயைப் பிளப்பேனா சார்? எத்தனை வருஷமா தேடிட்டிருக்கேன் தெரியுமா?"

"பின்னே யார் எடுத்தது? செத்துப்போன என் மாமனாரா?"

ஃபோகஸ் லென்ஸைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உடம்பெல்லாம் தேய்ந்து வெளுத்த லென்ஸின் அடியில், ஒரு வளையம் மட்டும் கன்னங்கரேலென்று புத்தம் புதிதாக இருந்தது.

"நேரா மாட்டாதுன்னு சொன்னேன். ஆனா மாட்டிச்சு, கவனிச்சீங்களா? அடாப்டர் ஏற்கனவே போட்டிருக்கு. உங்க மாமனார் காலத்துல இந்தக் கேமராவே கிடையாது சார்."

மேனேஜருக்கு அலமாரி ஞாபகம் வந்தது. துணிமணி ஞாபகம் வந்தது. எம்.டி.யைப் பற்றி வீட்டில் புலம்பியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தானே இழுத்துப் போட்ட நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஃபோகஸ் ஆவலோடு முன்னால் குனிந்தார்.

"மேடம் என்ன கேமரா சார் வச்சிருக்காங்க?"