ஒற்றை நட்சத்திரம்

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அந்தக் கதவைத் திறந்து விடு. இல்லேன்னா நான் கிளம்பறேன்."

அவள் திரையிலிருந்து தலையைத் திருப்பவே இல்லை.

அலுவலகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த மாடி அறையில் இருப்பதே இரண்டு பேர். வீடியோ கேமை உருவாக்கியவள் அவள். மழை, காற்று, காலடி என்று அதன் சத்தங்களைச் செய்தவன் அவன். தொழிலாலும் தொண்டையாலும் அவனுக்கு சவுண்டு என்றே பெயர்.

சின்ன கேம்தான். மழை பெய்யும் தெருவில் நடந்து ஒரு வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். ஜன்னலில் விளக்கு எரியும். கதவைத் தட்டலாம். திறக்காது. விடிந்துவிடும், அவ்வளவுதான்.

"விமர்சகர் எழுதியிருக்கார், 'திறக்காத கதவே இந்தப் படைப்பின் உச்சம், மனித ஏக்கத்தின் குறியீடு'ன்னு. ஓசியில ஆடினவர், எழுதுவார். காசு கொடுத்து வாங்கினவன் என்னங்கறான் தெரியுமா? 'கதவு கோளாறு, சரி பண்ணு'ங்கறான். இன்னொருத்தன், 'இதுக்கு எங்க வீட்டு வாசல்லயே நனைஞ்சிருப்பேன்'ங்கறான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. எரிச்சல் வந்தால்தான் அவள் அவனுக்கு மேடம்.

"சிரிங்க மேடம். நம்ம மதிப்பெண் தேய்ஞ்சுக்கிட்டே வருது. இப்படியே போனா அடுத்த கேம்னு ஒண்ணு நமக்குக் கிடையாது. அப்புறம், உள்ளேருந்து யாரோ ஓடி வர்ற சத்தம் வேணும்னு கேட்டியே? வெறுங்காலா இருந்தா எடுபடாதுன்னு செருப்பைப் போட்டுக்கிட்டு இந்த அறை முழுக்க ஓடினேனே, அதை எங்க வெச்சே? கேம்ல எங்கயுமே வரல."

"வெச்சிருக்கேன். கதவு திறந்தா வரும்."

"அதான் திறக்கலையே!"

"திறக்கும், சவுண்டு. தட்டத் தெரிஞ்சவன் தட்டினா திறக்கும்."

தலைக்கனம், வேறென்ன என்று நினைத்துக்கொண்டான். ஒன்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. வருகிற கருத்துகளை ஒன்று விடாமல் படிப்பாள். திட்டியிருந்தாலும் முகம் வாடும், வாயாரப் புகழ்ந்திருந்தாலும் வாடும்.

பையைத் தோளில் மாட்டியபோது அவன் போனில் புதிதாக ஒரு கருத்து வந்து விழுந்தது. ஒற்றை நட்சத்திரம்.

"இந்தா, இன்னொரு மாலை, போட்டுக்கோ" என்று சத்தமாக வாசித்தான். "'தட்டிவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் திறந்துவிட்டது.' என்னது, திறந்துச்சா?"

அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"எங்கண்ணன்" என்றாள்.

"யாரு?"

"வீட்ல சண்டை போட்டுட்டுப் போனா அப்படித்தான் திரும்பி வருவான். தட்டிட்டு, உங்களையெல்லாம் யாரு தேடி வந்தாங்கற மாதிரி தெருவைப் பார்த்து நிப்பான். நான்தான் ஓடிப்போய்த் திறப்பேன். கடைசியா போனவன் வரவே இல்ல, சவுண்டு. எங்க இருக்கான்னே தெரியல. எந்தக் கேம் வந்தாலும் விடாம ஆடுவான், ஆடிட்டு அதுல ஒரு குத்தம் சொல்லாம இருக்க மாட்டான். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவன் பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"மிச்சத்தைப் படி" என்றாள்.

சவுண்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் தடவையாக மெல்லிய குரலில் படித்தான்.

"'எல்லாம் சரி. ஓடி வரும் அந்தச் செருப்புச் சத்தம்தான் தப்பு. என் தங்கச்சி செருப்பைத் தேடிக்கொண்டு நிற்க மாட்டாள். வெறுங்காலோடுதான் ஓடி வருவாள்.'"