நடுவில் ஒரு சின்னக் கோடு

"கோடும் வேண்டாம், உன் பேரும் வேண்டாம். தேற்றம் என்னோடது மட்டும்தான்" என்று காபிக் கோப்பையை மேசையில் 'டக்'கென்று வைத்தார் லுபெர்ட் ஸைல்ஸ்ட்ரா.

எதிரே உட்கார்ந்திருந்த அலெய்தா அபிங், தட்டில் இருந்த ஒரே பிஸ்கட்டை உடைத்துப் பாதியை அவர் பக்கம் நகர்த்தினார். "கத்தாதே லுபெர்ட். குரோனிங்கன் ஊர் முழுக்கக் கேக்குது."

"கேக்கட்டும். இருபத்திரண்டு வருஷமா கேட்டுக்கிட்டுதானே இருக்காங்க."

உண்மைதான். கணிதக்காரர்கள் இருவர் சேர்ந்து ஒன்றைக் கண்டுபிடித்தால் பெயர்களை அகர வரிசையில் போடுவது வழக்கம். ஆங்கில 'ஏ'யில் தொடங்கும் 'அபிங்' என்ற அலெய்தாவின் அப்பா வழிப் பெயர் முன்னால் போயிற்று. 'இஸட்'டில் தொடங்கும் ஸைல்ஸ்ட்ரா பின்னால் தொற்றிக்கொண்டார். அபிங்-ஸைல்ஸ்ட்ரா தேற்றம்.

முக்கால்வாசி வேலை தன்னுடையது என்று கணிதச் சங்கத்தின் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார் லுபெர்ட். அலெய்தா மறுத்து எழுதினார். அப்புறம் பதிலுக்குப் பதில். ஒரு மாநாட்டில் அலெய்தா, "ஸைல்ஸ்ட்ராவின் பங்கு, எங்கள் பெயர்களுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் கோடு" என்றார். மறுநாள் அதே மேடையில் லுபெர்ட், "அபிங்கின் ஒரே கணிதச் சாதனை, சரியான அப்பாவுக்குப் பிறந்தது" என்றார்.

தேற்றம் புரிந்தவர்கள் உலகத்தில் நாற்பது பேர் இருந்தால் அதிகம். சண்டையைத் தொடர்ந்து படித்தவர்கள் நானூறு பேர்.

அறுபத்து மூன்று வயதில் ஒரு கோட்டுக்காக மல்லுக்கு நிற்பது லுபெர்ட்டுக்கே கேவலமாகத்தான் இருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து, "சரியான கிறுக்கன்டா நீ" என்பார். வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த கடிதம் எழுத உட்காருவார்.

இன்று அதற்கு ஒரு முடிவு. சங்கம் கொண்டுவரும் புதிய கணிதக் களஞ்சியத்தில் தேற்றத்துக்கு என்ன பெயர் என்று இருவரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். தராவிட்டால் பெயரே இல்லாமல் அச்சாகும்.

"கடைசியாக் கேக்கறேன்" என்றார் அலெய்தா. "நல்லதோ கெட்டதோ, பாதிப் பாதி வெச்சுக்கலாம். வேணும்னா உன் பேரை முதல்ல போட்டுக்கோ."

லுபெர்ட் ஆடிப்போனார். நேற்று இதைச் சொல்லியிருந்தால் மண்டியிட்டு வாங்கியிருப்பார். ஆனால் இவ்வளவு இறங்கி வந்தவரை இன்னும் ஒரு படி இறக்கினால் என்ன?

"பாதி வேண்டாம்."

"உன் இஷ்டம். கெர்பென், அந்தப் பேப்பரைக் கொண்டா."

பக்கத்து மேசையில் கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருந்த சங்கத் தலைவர் கெர்பென் எழுந்து வந்தார். 'இந்தத் தேற்றம் ஸைல்ஸ்ட்ராவுடையது' என்று எழுதினார் அலெய்தா.

"பத்தாது" என்றார் லுபெர்ட். "'இதன் ஒவ்வொரு வரியும் அவருடையது. அபிங்குக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.' அதையும் சேர்த்து எழுது."

"ஒவ்வொரு வரியுமா? நல்லா யோசிச்சுக்கோ."

"கமா உட்பட."

அலெய்தா எழுதிக் கையெழுத்திட்டார். லுபெர்ட்டும் போட்டார். அவசரத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது.

"கல்யாணப் பதிவுலகூட நீ இவ்வளவு வேகமாப் போட்டிருக்க மாட்டே" என்றார் கெர்பென்.

அரை மணி நேரத்தில் சங்கத்தின் மாநாட்டு அரங்கம் நிறைந்தது. கெர்பென் அந்தக் காகிதத்தைச் சத்தமாகப் படித்தார். கைத்தட்டல் அடங்கவே நேரமானது. லுபெர்ட் மேடைக்கு வந்தார்.

"நான் அற்பன். இத்தனை வருஷமா உங்களுக்கெல்லாம் அது தெரியும், இன்னிக்குத்தான் எனக்கும் உறைக்குது. அலெய்தா என்னைவிடப் பெரிய மனுஷி. எனக்கு வெட்கமா இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா பேரைத் திருப்பிக் கொடுக்கற அளவுக்கு வெட்கம் இல்லை."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. முதல் வரிசையில் அலெய்தாவும் சிரித்தார். பிறகு எழுந்து மேடைக்கு வந்து லுபெர்ட்டின் கையைக் குலுக்கினார். லுபெர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே அலெய்தாவின் காலி நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார்.

"அடுத்துப் பேசப்போறது அலெய்தா" என்றார் கெர்பென். "தலைப்பை இப்பத்தான் எழுதிக் கொடுத்தாங்க." சீட்டைப் பிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை பார்த்துவிட்டுப் படித்தார்:

"ஸைல்ஸ்ட்ரா தேற்றம் தவறு: மூன்றாவது வரியிலேயே."